சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை வைத்து ரகசியக் குறியீடு உடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கடை ஓரத்தில் என் சொந்த மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் திரையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டி மாட்டுத்தலை தெரியும். பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவர், சார்ஜர் வாங்க வந்தவர், பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் என்று அதைப் பார்த்த எல்லோரும் கேட்கிறார்கள். இருபது வருடமாகக் கேள்வி பெரிதாக மாறவில்லை. வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, இந்த மாடு என்ன பண்ணுது?

பூட்டிய ஒரு செய்திக்குச் சாவி தேடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் என்ற தன்னார்வக் குழுவின் புரோகிராம் அது. உலகம் முழுக்க யார் யாரோ தங்கள் மெஷினில் போட்டிருக்கிறார்கள். நாம் டைப் அடிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ ஒதுங்கி நிற்கும். ப்ராசஸருக்கு வேலை இல்லாத நேரத்தில் புகுந்து, ஒரு சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்க்கும், சேரவில்லை என்றால் அடுத்தது. அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

மாடு ஏன் என்றால், ஆரம்பத்தில் இந்த முயற்சிக்கு 'போவைன்' என்று பெயர் வைத்திருந்தார்கள், மாட்டினம் என்று பொருள். அந்தக் கிண்டல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கோட் உடைக்கிறதுன்னா ஹேக்கிங்தானே? போலீஸ் கேஸ் ஆகாதா?

ஆகாது. யாருடைய பூட்டையும் யாரும் திருட்டுத்தனமாகத் திறக்கவில்லை. பூட்டு செய்யும் நிறுவனமே ஒரு பூட்டை நடுத்தெருவில் வைத்து, 'திறந்து காட்டுங்கள், பணம் தருகிறோம்' என்று அறிவித்த போட்டி இது. உள்ளே இருப்பது ஒரு வாக்கியம் மட்டுமே. வங்கிக் கணக்கோ யாருடைய மெயிலோ கிடையாது.

உங்களுக்குச் சொந்தமில்லாத மெஷினில் போட்டால் மட்டும் கதை வேறு. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

சாவி, பிட்னு சொல்றீங்க. 56 பிட், 64 பிட், வெறும் எட்டுதானே கூட. என்ன பெரிய வித்தியாசம்?

நம்பர் பூட்டு போட்ட சூட்கேஸில் மூன்று சக்கரம் இருந்தால் ஆயிரம் எண்கள். ஒரு சக்கரம் கூடினால் பத்தாயிரம். பிட் என்பது இரண்டே எண் உள்ள சக்கரம், 0 அல்லது 1. ஒரு பிட் கூடினால் வேலை இரட்டிப்பாகும். எட்டு பிட் கூடினால் எட்டு முறை இரட்டிப்பு, அதாவது 256 மடங்கு.

56 பிட்டில் மொத்தம் சுமார் 720 கோடி கோடி சாவிகள். 72 பிட்டில் சுமார் 4.72 கோடி கோடி கோடி. எழுத்துப்பிழை இல்லை, மூன்று கோடிதான். 56 பிட்டை ஒரே நாளில் முழுக்க அலசக்கூடிய கூட்டம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கூட்டத்துக்கு 64 பிட் 256 நாள், 72 பிட் 179 வருடம். இன்று நம் போனிலும் வங்கி ஆப்பிலும் இருப்பது 128 அல்லது 256 பிட். அதற்கு நாள்கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை.

லட்சம் கம்ப்யூட்டர் சேர்ந்து எப்படி ஒரே வேலையைச் செய்யும்? ஒன்னோட ஒன்னு இடிச்சுக்காதா?

ஊர் கூடித் தேர் இழுப்பதாக நினைத்துவிடாதீர்கள். தேர் இழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் இழுக்க வேண்டும். இது கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை. ஆளுக்கு ஒரு கூடை. பக்கத்து ஆளிடம் பேச வேண்டியதே இல்லை. வேகமாக உரிப்பவர் பத்து கூடை முடிப்பார், மெதுவானவர் ஒன்று முடிப்பார்.

இப்போது ஓடும் ஆர்சி5-72 போட்டியில் (ஆர்சி5 என்பது பூட்டு முறையின் பெயர், 72 என்பது சாவியின் பிட்) ஒரு கூடைக்கு சுமார் 429 கோடி சாவிகள். அப்படிச் சுமார் 1.1 லட்சம் கோடி கூடைகள். சர்வர் உங்கள் மெஷினுக்குச் சில கூடைகளைக் கொடுக்கும், முடித்ததும் 'இதில் இல்லை' என்று மெஷின் திருப்பிச் சொல்லும். நடுவில் ஓடிப்போனவரின் கூடை வேறு ஒருவருக்குப் போகும். எல்லா வேலையையும் இப்படிப் பிரிக்க முடியாது. வானிலைக் கணக்கில் ஒரு இடத்துக் காற்று பக்கத்து இடத்தைப் பாதிக்கும், மெஷின்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சாவி சேரவில்லை என்பது அடுத்த சாவியைப் பற்றி எதையும் சொல்லாது. அதனால்தான் சாவி தேடும் வேலை இந்த முறைக்கு இவ்வளவு பொருந்துகிறது.

சரியான சாவி கிடைச்சிடுச்சுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குப் படிக்கத் தெரியாதே?

நல்ல கேள்வி, பல பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். போட்டி வைத்த ஆர்எஸ்ஏ நிறுவனம் செய்தியின் ஆரம்பத்தை முன்னாலேயே சொல்லிவிட்டது. எல்லாச் செய்தியும் 'தெரியாத செய்தி இதுதான்:' என்ற பொருளுள்ள ஆங்கில வரியில்தான் தொடங்கும். இடைவெளி எல்லாம் சேர்த்து 24 எழுத்து. ஆர்சி5 ஒரு தடவைக்கு எட்டு எட்டு எழுத்தாகப் பூட்டும். ஆகவே முதல் எட்டு எழுத்தைத் திறந்து பார்த்து, எதிர்பார்த்தது வருகிறதா என்று ஒப்பிட்டால் போதும். வராவிட்டால் அடுத்த சாவி.

இதில் நேரம் தின்பது ஒப்பிடுவது இல்லை. ஒவ்வொரு சாவியிலிருந்தும் 26 துணைச்சாவிகளைத் தயாரிக்க வேண்டும், அவற்றை மூன்று சுற்று கலக்க வேண்டும், அதற்குப் பிறகே பூட்டைத் தொடலாம். 1994 இல் ரான் ரிவெஸ்ட் ஆர்சி5 ஐ வடிவமைத்தபோது வைத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு சாவியாகப் போட்டு முட்டி மோதுபவரைக் களைக்க வைக்க நல்ல வழி.

இதை யாரு, எதுக்கு ஆரம்பிச்சாங்க? வேற வேலை இல்லையா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. 1977 இல் ஒரு அமெரிக்க அறிவியல் இதழில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, அதைக் காரணிப்படுத்தி (எந்த எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று கண்டுபிடித்து), அதை வைத்துப் பூட்டிய செய்தியைத் திறந்தால் 100 டாலர் என்றார்கள். அது உடைய எத்தனையோ கோடி கோடி வருடம் ஆகும் என்று கணக்கு. 1994 ஏப்ரலில் உடைந்தது. சுமார் 600 பேர், 1,600 மெஷின்கள், எட்டு மாதம். கூடை வாங்குவதும் திருப்புவதும் ஈமெயிலில்தான் நடந்தது. அந்த 1,600 இல் இரண்டு ஃபேக்ஸ் மெஷின்களும் உண்டு என்பார்கள். உள்ளே இருந்த வாக்கியம் அருவருப்புப்படும் ஒரு எலும்புக்கழுகைப் பற்றியது. அர்த்தம் தேடாதீர்கள், வேண்டுமென்றே அபத்தமாக எழுதியது.

1997 ஜனவரி 28 அன்று ஆர்எஸ்ஏ நிறுவனம் அடுத்த வரிசைப் போட்டிகளை அறிவித்தது. அப்போது அமெரிக்க அரசு வலுவான மறையாக்க மென்பொருளை, அதாவது செய்தியைப் பூட்டும் புரோகிராம்களை, ஆயுதம் மாதிரி பாவித்து, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. வெளிநாட்டுக்குத் தாராளமாக விடப்பட்டது 40 பிட் வரைதான். அறிவித்த அன்றே, மூன்றரை மணி நேரத்தில், பெர்க்லி மாணவர் இயன் கோல்ட்பெர்க் சுமார் 250 மெஷின்களை வைத்து 40 பிட்டை உடைத்துவிட்டார். அரசு 'போதும்' என்று சொன்ன பூட்டு ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. 48 பிட் 313 மணி நேரம் தாங்கியது.

அடுத்தது டிஇஎஸ். 56 பிட், 1977 முதல் அமெரிக்க அரசின் தரநிலை, வங்கிகள் எல்லாம் நம்பியிருந்த பூட்டு. ராக் வெர்சர் என்ற கொலராடோ புரோகிராமர் தொடங்கிய டெஸ்கால் குழு 1997 ஜூனில் அதை உடைத்தது. கண்டுபிடித்தது 16 எம்பி மெமரி உள்ள ஒரு 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம். அந்தக் காலக் கணக்கிலேயே பழசு. உள்ளே இருந்த செய்தி, 'வலுவான மறையாக்கம் உலகை இன்னும் பாதுகாப்பான இடமாக்குகிறது'. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏற்றுமதிச் சட்டத்தால் டெஸ்கால் தன் புரோகிராமை அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே கொடுக்க முடியவில்லை. வெளியே இருந்தவர்கள் சுவீடனில் போட்டிக்குழு அமைத்துத் தனியாக ஓட்டினார்கள். ஆக, இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 'நீங்கள் அனுமதிக்கும் பூட்டு தகரப் பூட்டு' என்று பொதுமக்களே நிரூபித்துக் காட்டிய வேலை.

ஒரே ஒரு மெஷின் மூணு நாள்ல உடைச்சிருச்சாமே? அப்புறம் எதுக்கு இத்தனை பேர்?

உண்மைதான். 1998 தொடக்கத்தில் இரண்டாவது டிஇஎஸ் போட்டியை டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் 40 நாளுக்குள் முடித்தது. செய்தி, 'பல கை சேர்ந்தால் வேலை லேசு'. அதே வருடம் ஜூலையில் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு இதற்கென்றே 1,800க்கும் மேற்பட்ட சிப்புகளைச் செய்து, 'டீப் கிராக்' என்று ஒரு மெஷின் கட்டியது. இரண்டரை லட்சம் டாலருக்குள் முடிந்த செலவு. 56 மணி நேரத்தில் பூட்டு திறந்தது.

1999 ஜனவரியில் இரண்டு பக்கமும் கைகோத்தன. டீப் கிராக், கூடவே கிட்டத்தட்ட ஒரு லட்சம் கம்ப்யூட்டர்கள், நொடிக்கு 24,500 கோடி சாவிகள். 22 மணி 15 நிமிடம். அதோடு டிஇஎஸ் கதை முடிந்தது. 2001 இல் அதன் இடத்தில் ஏஇஎஸ் என்ற புதிய பூட்டு தரநிலையானது. இரண்டரை லட்சம் டாலர் ஒரு அரசாங்கத்துக்கு டீக்காசு. தன்னார்வக் குழு ஒன்றே அதைக் கட்ட முடிந்தது என்றால், உளவுத்துறைகளிடம் என்ன இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மெஷின் கட்டினவர்கள் சொல்ல வந்ததும் அதைத்தான்.

64 பிட்டுக்கு அஞ்சு வருஷம் ஆச்சாமே, ஏன்?

1,757 நாள். 56 பிட் ஆர்சி5 1997 அக்டோபரில் முடிந்தது. அதன் செய்தியே 'இன்னும் நீளமான சாவிக்கு மாறும் நேரம் வந்துவிட்டது'. மேலே சொன்ன 256 மடங்கு ஞாபகம் இருக்கிறதா, அதுதான் காரணம். 3,31,252 பேர் பங்கெடுத்தார்கள். ஐந்தில் நான்கு பங்குச் சாவிகளுக்கு மேல் தேய்த்த பிறகுதான் கிடைத்தது. சராசரியாகப் பாதியில் கிடைக்க வேண்டும், ஆனால் அதிர்ஷ்டம் சராசரி பார்த்து வருவதில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இது. 2002 ஜூலை 14 அன்று டோக்கியோவில் ஒரு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சரியான சாவியைக் கண்டுபிடித்துச் சர்வருக்கு அனுப்பிவிட்டது. சர்வர் பக்கம் ஏதோ ஸ்கிரிப்ட் பழுது. யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 12 வரை மூன்று லட்சம் பேரின் கூட்டம் கிடைத்துவிட்ட சாவியைத் தேடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடும் தாத்தா மாதிரி. திறந்த செய்தி என்ன தெரியுமா? 'சில விஷயங்களைப் படிக்காமல் விடுவதே நல்லது.'

இப்ப ஓடுறது எப்ப முடியும்?

72 பிட் போட்டி 2002 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. நாளைக் காலையே கிடைக்கலாம், கணக்குப்படி அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனால் இந்த வேகத்தில் போனால் உங்கள் பேரன் பேத்தி காலத்துக்கும் போகும். 'கிராஃபிக்ஸ் கார்டு வேகம் கூடிக்கிட்டே போகுதே' என்பார்கள் பையன்கள். கூடுகிறது, ஆனால் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

பரிசு உண்டா? எனக்கு விழுந்தா எவ்வளவு?

ஆரம்பத்தில் ஆர்எஸ்ஏ 10,000 டாலர் வைத்திருந்தது. 2007 இல் அந்த நிறுவனம் போட்டிகளையே நிறுத்திவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் தன் கையிலிருந்து 4,000 டாலர் அறிவித்து ஓட்டத்தைத் தொடர்ந்தது. அதில் கண்டுபிடித்தவர் கைக்கு வருவது 1,000 டாலர். 56 பிட் ஆர்சி5 பரிசின் பெரும்பங்கு இலவச மின்னூல் திட்டமான புராஜெக்ட் குட்டன்பெர்குக்குப் போனது. இதில் பணம் பார்த்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

கணக்கு போடுவோம். நொடிக்கு 100 கோடி சாவி பார்க்கும் மெஷின் உங்களிடம் இருக்கிறது. அது தனியாக எல்லாச் சாவியையும் பார்க்க ஒன்றரை லட்சம் வருடம் வேண்டும். அதாவது ஒரு வருடம் இரவு பகல் ஓட்டினால் ஒன்றரை லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஆயிரம் டாலரை அதால் வகுத்தால் வருடத்துக்கு அறுபது காசு அளவில் நிற்கும். கேரளா லாட்டரிக்கே போய்விடலாம் என்று ஒரு கஸ்டமர் சொன்னார், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் சும்மாதானே ஆன்ல இருக்கு? கரண்ட் கூடாதுல்ல?

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 'சும்மா கிடக்கும் நேரம்' என்ற பேச்சே இந்தத் திட்டங்கள் ஆரம்பித்த காலத்துப் பேச்சு. அப்போது அதில் நியாயமும் இருந்தது. விண்டோஸ் 95, 98 இல் வேலை இல்லாதபோதுகூட ப்ராசஸர் தூங்காது, வெறும் சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். எப்படியும் சூடாகிறது, அந்தச் சூட்டில் ஒரு வேலை வாங்கிக்கொள்வோமே என்பதுதான் யோசனை.

இன்றைய ப்ராசஸர் அப்படி இல்லை. வேலை இல்லையென்றால் நொடிக்குள் பல முறை தூங்கி எழும். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப், முழு வேலையில் 150 இழுத்தால், கூடுதல் 100 வாட். நாள் முழுக்க ஓட்டினால் மாதம் 72 யூனிட், இரண்டு மாத பில்லில் 144. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை மாடு ஒன்றே தின்றுவிடும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதனால் 'இலவசம்' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் வீட்டு பில்லை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

லேப்டாப்பில ஓட்டலாமா?

வேண்டாம். லேப்டாப்பின் விசிறியும் சூடு வெளியேறும் வழியும் விட்டு விட்டு வரும் வேலைக்காகச் செய்தவை. என் மேசைக்கு வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேல் அடுக்கைக் கிள்ளி எடுத்தால் முழுத் துண்டாக வரும். அந்த நிலையில் நாள் முழுக்க நூறு சதவீதம் ஓட்டினால் முதலில் விசிறி போகும், அப்புறம் பேட்டரி உப்பும். போனும் அப்படித்தான்.

டெஸ்க்டாப் என்றாலும் முதலில் தூசி தட்டுங்கள், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள், வெப்பநிலை காட்டும் புரோகிராம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் எவ்வளவு இழுக்கும்?

கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. வெங்காயக் கூடை என்றேனே தவிர, உண்மையில் சாவிகள் எதுவும் இறங்குவதில்லை. 'இந்த எண்ணிலிருந்து ஆரம்பி' என்ற ஒரு குறிப்புதான் வருகிறது.

2003 வாக்கில் எங்கள் வீட்டில் நெட் இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஒரு வாரத்துக்கான கூடைகளை ஒரு ஃபைலில் இறக்கி, ஃப்ளாப்பியில் எடுத்து வருவேன். அடுத்த ஞாயிறு முடித்த ஃபைலைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவை சைக்கிளில் வரும்போது மழையில் ஃப்ளாப்பி நனைந்து, ஒரு வார உழைப்பு போனது. சர்வருக்கு அது பொருட்டே இல்லை, நான் மேலே சொன்ன ஓடிப்போனவர் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கும். எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆன்டிவைரஸ் 'ஆபத்து'ன்னு கத்துதே, உண்மையிலேயே வைரஸா?

புரோகிராம் வைரஸ் இல்லை. ஆனால் ஆன்டிவைரஸ் கத்துவதற்கும் காரணம் உண்டு. 2000 இல் பைமர் என்ற வார்ம் (தானாகவே மெஷினுக்கு மெஷின் பரவும் கெட்ட புரோகிராம்), பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து வைத்திருந்த விண்டோஸ் மெஷின்களுக்குள் புகுந்து, உரிமையாளருக்கே தெரியாமல் இதே புரோகிராமை நிறுவிவிட்டுப் போனது. முடித்த கூடைகளை எண்ணிப் போடும் புள்ளிப்பட்டியலில் முன்னால் நிற்கும் ஆசை ஆளை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

அதனால் இரண்டே விதி. நீங்களே குழுவின் தளத்திலிருந்து இறக்கி நிறுவியிருந்தால் பயப்பட வேண்டாம். நிறுவாமலே டாஸ்க் மேனேஜரில் தெரிந்தால் மெஷினுக்குள் வேறு யாரோ வந்து போயிருக்கிறார்கள், மாட்டை அழிப்பதோடு விட்டுவிடாமல் வந்த வழியைத் தேடுங்கள்.

காலேஜ் லேப்ல நாற்பது சிஸ்டம் ராத்திரி சும்மாதானே இருக்கு. போட்டுடவா?

எழுத்தில் அனுமதி வாங்காமல் கையை வைக்காதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி 1999 இல் இதையே செய்தார், கல்லூரி மெஷின்களில் இந்த மாட்டைக் கட்டினார். நெட் இணைப்பைப் பயன்படுத்தியதற்கு நொடிக்கு 59 சென்ட் என்று கணக்குப் போட்டு, நான்கு லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். பல வருடச் சிறைத்தண்டனைக்கு இடமுள்ள வழக்கு. கடைசியில் 2002 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. ஒரு வருட நன்னடத்தைக் காவல், 2,100 டாலர், 80 மணி நேரச் சமூக சேவை. முந்தைய பதிலில் சொன்னபடி நெட் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதால் அந்த 59 சென்ட் கணக்கு அபத்தம். ஆனால் அனுமதி இல்லை என்பது அபத்தம் இல்லை.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன் 43ஆம் பிரிவும் உரிமையாளர் அனுமதி என்பதைத்தான் முதலில் கேட்கும். சாவி தேடுவது குற்றம் இல்லை, அடுத்தவர் மெஷினில் கேட்காமல் தேடுவதுதான் குற்றம்.

பாயின்ட் ஏத்துறதுக்காக 'தேடிட்டேன், இல்லை'ன்னு பொய் சொன்னா?

சொல்ல முயன்றவர்கள் உண்டு. இதில் நிஜமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 'சாவி இருக்கிறது' என்ற பொய்யை ஒரு நொடியில் சோதித்துவிடலாம், போட்டுப் பார்த்தால் முடிந்தது. 'இல்லை' என்ற பொய்யைச் சோதிக்க அந்தக் கூடையை முழுக்கத் திரும்ப உரிக்க வேண்டும். சரியான சாவி இருந்த கூடையில் ஒருவர் பொய் சொல்லியிருந்தால், கடைசி வரை தேடினாலும் கிடைக்காது.

இதனால்தான் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் கணக்குப் பகுதியின் மூல நிரலை வெளியே வைத்துவிட்டு, சர்வரோடு பேசும் பகுதியை மட்டும் மூடி வைத்திருக்கிறது. திறந்த மூல ஆதரவாளர்கள் இதை வைத்து நெடுநாள் சண்டை போட்டார்கள். மூடி வைப்பது முழுப் பாதுகாப்பு இல்லை என்பது குழுவுக்கும் தெரியும், வேறு நல்ல வழி கிடைக்கவில்லை என்பதே அவர்கள் பதில். எனக்கும் அதில் திருப்தி இல்லை, ஆனால் மாற்று சொல்லவும் தெரியவில்லை.

என் பழைய ஜிப் ஃபைல் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. இந்த மாட்டை விட்டுத் தேடலாமா?

முடியாது. இதற்கு ஒரே ஒரு பூட்டுதான் தெரியும். ஆனால் உங்கள் ஃபைல் திறக்க வாய்ப்பு இதைவிட அதிகம். மனிதர் வைக்கும் பாஸ்வேர்ட் மகள் பெயரும் பிறந்த வருடமும்தான். 128 பிட் பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, சாவியை வாசற்படி மிதியடிக்குக் கீழே வைப்பது போல. பாஸ்வேர்டை ஊகிக்கும் புரோகிராம்கள் மிதியடியைத்தான் தூக்கிப் பார்க்கின்றன, பூட்டைத் தொடுவதில்லை. வாட்ஸ்அப் உடைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அது 256 பிட். மூன்றாவது கேள்வியின் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

பிட்காயின் மைனிங்கும் இதுவும் ஒன்னுதானே?

கூடை பிரிக்கும் முறை ஒன்றுதான். அங்கே தேடுவது சாவி இல்லை, ஒரு நிபந்தனைக்குள் விழும் எண்.

ஆனால் அளவைப் பாருங்கள். 2024 கடைசியில் பிட்காயின் வலைப்பின்னல் நொடிக்கு 60 லட்சம் கோடி கோடிக்கும் மேல் முயற்சி செய்துகொண்டிருந்தது. ஆர்சி5-72 இன் மொத்தச் சாவிகளின் எண்ணிக்கையை அது எட்டு நொடிக்குள் தாண்டிவிடும். அந்த மெஷின்களால் ஆர்சி5 ஐத் தொட முடியாது, வேறு வேலைக்குச் செதுக்கியவை. இருந்தாலும் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை வைத்துப் பார்த்தால், நாங்கள் இருபது வருடமாகச் செய்தது அங்கே ஒரு நொடி வேலைகூட இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். காசு வரும் என்றால் மனிதர்கள் எவ்வளவு சிப்பு செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எல்லாமே போட்டிதானா? நிஜமான ரகசியம் எதையாவது உடைச்சிருக்காங்களா?

உடைத்திருக்கிறார்கள். நான் கலந்துகொண்டதிலேயே எனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றியது அதுதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கு சக்கர எனிக்மா மெஷினில் பூட்டிச் செய்தி அனுப்பின. 1942 இல் வட அட்லாண்டிக்கில் பிடிபட்டு, அன்றைக்குத் திறக்கப்படாமலே போன மூன்று செய்திகளை ரால்ஃப் எர்ஸ்கின் என்ற ஆய்வாளர் 1995 இல் வெளியிட்டார். 2006 ஜனவரியில் ஸ்டெஃபான் க்ராஹ் என்ற ஜெர்மானியர், தொழிலில் வயலின் கலைஞர், அவற்றுக்காக, இதே போலப் பலரின் மெஷின்களை வைத்துத் தேடும் எம்4 திட்டத்தைத் தொடங்கினார்.

ஐந்தாவது கேள்வியில் சொன்ன வசதி இங்கே கிடையாது, செய்தி எப்படித் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சக்கரங்களின் நிலையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எழுத்துகளை ஒயரால் இடம் மாற்றும் செருகுப்பலகையின் இணைப்புகளை மாற்றி மாற்றி, வெளியே வருவது ஜெர்மன் மொழிக்கு எவ்வளவு நெருங்குகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் ஏறினால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள், இறங்கினால் விட்டுவிடு. பாட்டுப் பெட்டியைத் திருகிக் கரகரப்புக்கு நடுவில் நிலையம் பிடிப்பது போல.

பிப்ரவரி 20 அன்று முதல் செய்தி திறந்தது, இரண்டு வாரத்தில் அடுத்ததும் திறந்தது. முதலாவதை அனுப்பியவர் யூ-264 கப்பலின் தலைவர் ஹார்ட்விக் லுக்ஸ். தாக்குதலில் நீருக்குள் மூழ்க வேண்டியதாயிற்று, எதிரியைக் கடைசியாகப் பார்த்தது 8.30க்கு, பின்தொடர்கிறேன், காற்றழுத்தம் இறங்குகிறது, வட-வடகிழக்குக் காற்று, இவ்வளவுதான் செய்தி. அறுபத்து மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வரி அது. அதில் ரகசியம் என்று இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போட்டிக்காக எழுதிய வாக்கியத்தைத் திறப்பதும், குண்டுகளுக்கு நடுவில் ஒரு மனிதன் அவசரமாக அடித்த வரியைத் திறப்பதும் ஒன்றில்லை. மூன்றாவது செய்தி இன்னும் பல வருடம் முரண்டு பிடித்த பிறகே திறந்தது.

சரி, முடியவே முடியாதுங்கறீங்க, காசும் இல்லைங்கறீங்க. அப்புறம் நீங்க ஏன் ஓட்டுறீங்க?

பழக்கம்தான், வேறு நியாயம் சொல்ல மாட்டேன். 72 பிட் உடைந்தாலும் யாருடைய பூட்டும் மாறப்போவதில்லை, 40 பிட்டும் டிஇஎஸ்ஸும் உடைந்தபோது இருந்த அவசரம் இப்போது கிடையாது. கல்லூரிப் பையன்கள் கேட்டால், மின்சாரம் செலவழிக்க மனசு இருந்தால் மருத்துவ ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடும் திட்டங்களில் சேரச் சொல்கிறேன். போயின்க் என்ற ஒரே புரோகிராமில் பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மாடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதே போயின்க் வழியாக 'மூ! ராப்பர்' என்ற திட்டத்தில் இந்த ஆர்சி5-72 ஐயும் ஓட்டலாம்.

என் மெஷினில் மாடு கார்த்திகை முதல் மாசி வரை, அதுவும் கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். பங்குனி பிறந்தால் கடைக்குள் மின்விசிறிக் காற்றே அனலாக வரும், அன்றைக்கே அதை நிறுத்திவிடுவேன். இப்போது நீங்கள் வந்து பார்த்துவிட்டு மாட்டைக் காணோமே என்று கேட்டால், லீவில் இருக்கிறது.